சலுகையின் ஆயுளும் சாலையின் ஆயுளும்

பனகல் பூங்காவைச் சுற்றி, நகை வாங்கவும் துணி வாங்கவும் நெருக்கியடித்துக்கொண்டு செல்லும் லட்சோப லட்சம் ஜனங்களுள், தாங்கள் நடப்பது ஒரு காலத்தில் நுங்கம்பாக்கம் தொடங்கிச் சைதாப்பேட்டை வரையில் நீண்டு கிடந்த ஒரு பேரேரியின் அடித்தரை என்பதை நினைப்பவர்கள் வெகு சிலரே. 1920-களின் முற்பகுதியில், நீதிக் கட்சியின் மந்திரிசபை சென்னை மாகாணத்தை ஆண்ட காலத்தில், அவ்வேரியின் மாம்பலப் பகுதியிலிருந்த நீரை வடித்து, நடுவே பூங்காவும் அதிலிருந்து கிளைக்கும் வீதிகளுமாகத் திட்டம் வகுத்து, மனைகளாகப் பிரித்து, கட்சியின் தலைவர்களுள் ஒருவரான சர் பிட்டி தியாகராயரின் பெயரைச் சூட்டினார்கள். சர்க்காரே நிலத்தைச் செப்பனிட்டு, வீதியும் குடிநீரும் கொணர்ந்து, தனியார் முதலை அங்கே வரவழைப்பது என்ற காரியம் ஆக நூறாண்டுகளாக நம் நகரத்துக்குப் பழக்கமானது. அக்காரியத்தினால் விளையும் சுபிட்சம் எத்தகையது என்பதற்கு ரங்கநாதன் தெருவின் வியாபாரம் சாட்சி; அதற்குச் செலுத்த வேண்டிய விலை எத்தகையது என்பதற்கு, ஒவ்வொரு ஐப்பசி கார்த்திகையிலும் உஸ்மான் சாலையில் தேங்கி நிற்கும் மழைநீர் சாட்சி.

இந்த விஷயத்தை இப்போது எடுத்துப் பேசுவதற்குக் காரணம் உண்டு. தொழில் முதலீட்டை ஈர்ப்பதற்காகத் தென்னிந்திய மாநிலங்களுக்குள் நடைபெறும் போட்டி, சில ஆண்டுகளாக ஏலக் கடையின் உஷ்ணத்தை எட்டியிருக்கிறது. 2025 ஏப்ரலில் ஆந்திர மாநில மந்திரிசபை, விசாகப்பட்டினத்தில் ஏறக்குறைய 21 ஏக்கர் நிலத்தை 99 காசு என்ற பெயரளவு விலைக்கு டி.சி.எஸ். நிறுவனத்துக்கு அளிக்கத் தீர்மானித்தபோது, சென்னையிலும் அதைக் கண்டு பதறியவர்கள் இருந்தார்கள். நாமும் விலையைக் குறைக்க வேண்டும், நாமும் வரியைத் தள்ளிக் கொடுக்க வேண்டும், புதிய பொருளாதார மண்டலங்களை வட்டத்துக்கு ஒன்றாகத் திறக்க வேண்டும் என்ற யோசனைகள் அவ்வப்போது எழுகின்றன. பொது நிலத்தில், பொதுப் பணத்தில் அமையும் மண்டலங்களுக்கு நான் விரோதியல்லன். ஆனால் மூலதனத்தை ஓர் ஊருக்கு அழைத்து வந்து அங்கே நிலைக்கச் செய்வது வரிச்சலுகை என்ற நம்பிக்கை, நம் கண்ணெதிரே நடந்த சம்பவங்களாலேயே பொய்த்துவிட்டது என்றும், மண்டலம் அமைக்கும் சர்க்கார் தன் சக்தி முழுவதையும் செலவிட வேண்டியது, கம்பெனி போன பின்பும் ஊரோடு தங்கிவிடும் சாதனங்களின் மேலேயே என்றும் எனக்குத் தோன்றுகிறது.

நம் அநுபவத்தின் முதல் அத்தியாயம் அடையாற்றின் கரையிலேயே எழுதப்பட்டது. காமராஜர் முதன்மந்திரியாகவும் ஆர். வெங்கட்ராமன் கைத்தொழில் மந்திரியாகவும் இருந்த 1958-ஆம் ஆண்டில் கிண்டி தொழிற்பேட்டை தோன்றியது. அந்நியக் கம்பெனிகளுக்கு அங்கே கம்பளம் விரிக்கப்படவில்லை. கையில் தொழில் உண்டு, தலைக்கு மேல் கூரையும் யந்திரத்துக்கு மின்சாரமும் இல்லை என்ற நிலையிலிருந்த சிறு முதலாளிகளுக்காகவே கொட்டகைகள் கட்டப்பட்டன. பயிற்சி நிலையங்களும் சிறுதொழிலுக்கு ஆலோசனை கூறும் சர்க்கார் ஸ்தாபனங்களும் அண்டை அயலிலேயே அமைந்தன. லேத்து யந்திரம் ஒன்றோடு தொடங்கி, மோட்டார் உதிரிப் பாகங்கள் செய்து, பெரிய தொழிற்சாலைகளுக்குச் சரக்கு அளிக்கும் நிலைக்கு உயர்ந்த பலரை அந்தப் பேட்டை உருவாக்கியது. பின்னாளில் கார்க் கம்பெனிகள் சென்னையைத் தேடி வந்தபோது, வந்திறங்கிய மறுநாளே பாகங்கள் செய்து கொடுக்க ஆள் இருந்ததென்றால், அதற்குக் கிண்டி, அம்பத்தூர், பாடி ஆகிய இடங்களில் முந்தைய தலைமுறை பழகிய கைகளே காரணம். இன்று அதே கிண்டியில், பட்டறைகள் இருந்த மனைகள் பலவற்றில் கண்ணாடி மாளிகைகள் எழும்பிவிட்டன. நிலத்தின் விலை ஏறிய லாபம் மனைக்காரருக்குப் போயிற்று. சிறுதொழிலுக்கென்று சர்க்கார் ஒதுக்கிய இடம் சிறுதொழிலுக்கு எட்டாத இடமாயிற்று. இந்தப் பிற்பாதிக் கதையையும் மறவாமல் குறித்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது அத்தியாயம் கிண்டி வழியாகச் செல்லும் ரயில் பாதையில் இன்னும் சற்றுத் தெற்கே தொடங்குகிறது. அயர்லாந்தில் ஷானன் விமான நிலையத்தை ஒட்டி 1959-இல் எழுந்த சுங்கமற்ற வளாகம், உலகமெங்கும் ஒரு மாதிரியாகப் பேசப்பட்டது. பிரிவினையில் கராச்சியை இழந்த பின் குஜராத்தின் கட்ச் கடற்கரையில் நிர்மாணிக்கப்பட்ட காண்ட்லா துறைமுகத்தில், 1965-இல் ஆசியாவின் முதல் ஏற்றுமதி வளாகத்தை நம் நாடு அமைத்தது. அந்த வரிசையில் 1984-இல் தாம்பரம் சானடோரியத்தில் சென்னை ஏற்றுமதி வளாகம் பிறந்தது. ஊர் ஜனங்கள் அதை மெப்ஸ் என்ற ஒரே சொல்லால் வழங்குகிறார்கள். சுமார் 262 ஏக்கர் பரப்பில், ஜி.எஸ்.டி. சாலைக்கும் மின்சார ரயிலுக்கும் அருகே அமைந்த அவ்வளாகத்துக்குள், ஆடை தைக்கும் கூடங்களும் மின்னணுப் பாகங்கள் பொருத்தும் கூடங்களும் மென்பொருள் அலுவலகங்களும் வரிசையாக நிலைபெற்றன. அந்த ரயில் பாதை மின்சார மயமானது 1931-இல். பக்கத்துக் காசநோய் மருத்துவமனை தோன்றியது 1928-இல். அதாவது வளாகம் பிறப்பதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே பொதுச் செல்வம் அங்கே குடியேறியிருந்தது. கடற்கரையிலிருந்து தாம்பரம் வரையில் எங்கு ஏறினாலும் சொற்பக் கட்டணத்தில் போய்ச் சேரலாம் என்ற ஒரு சௌகரியம், மெப்ஸின் வாயிலுக்கு எத்தனை ஆயிரம் பெண்களை வேலைக்குக் கொண்டு சேர்த்தது என்பதை, காலை வேளையில் மாம்பலத்திலோ கிண்டியிலோ வண்டி ஏறியவர்கள் நன்கு அறிவார்கள்.

சிறப்புப் பொருளாதார மண்டலம் என்ற பெயரையும் திட்டத்தையும் நாட்டுக்கு வழங்கியவர், மத்திய சென்னை ஜனங்கள் லோக்சபைக்குத் தேர்ந்தெடுத்து அனுப்பிய முரசொலி மாறன் என்பதில் இந்நகரத்துக்குத் தனியான ஒரு சம்பந்தம் உண்டு. வாஜ்பாய் மந்திரிசபையில் வர்த்தக மந்திரியாக இருந்த அவர், சீனத்தின் மண்டலங்களை நேரில் கண்டு திரும்பி, 2000-ஆம் ஆண்டின் ஏற்றுமதி இறக்குமதிக் கொள்கையில் இதைப் புகுத்தினார். பழைய ஏற்றுமதி வளாகங்கள் அதன் பின்னர் ஒவ்வொன்றாக மண்டலங்களாக மாறின. மெப்ஸ் 2003-இல் மாறியது. 2005-இல் பார்லிமெண்ட் தனிச் சட்டமே இயற்றியது. 2006 பிப்ரவரி முதல் அது அமலுக்கு வந்தது.

அச்சட்டத்தின் சாரம் எளிது. மண்டலத்தின் வேலிக்குள்ளிருக்கும் இடம், சுங்க விஷயத்தில் அந்நிய தேசமாகப் பாவிக்கப்படும். இறக்குமதியாகும் யந்திரத்துக்கும் மூலப்பொருளுக்கும் தீர்வை இல்லை. உள்நாட்டுக்குச் சரக்கை விற்றால் மட்டும் இறக்குமதிபோல் கருதித் தீர்வை விதிப்பார்கள். ஏற்றுமதி லாபத்துக்கு முதல் ஐந்தாண்டு வருமானவரி முழு விலக்கு. அடுத்த ஐந்தாண்டு பாதி. அதற்கடுத்த ஐந்தாண்டு, தொழிலிலேயே திரும்ப முடக்கும் லாபத்துக்குப் பாதி. அன்றைய நிதி மந்திரி ப. சிதம்பரத்தின் இலாகாவே, இதனால் பொக்கிஷத்துக்கு நேரும் நஷ்டத்தைக் குறித்துக் கவலை தெரிவித்தது. 2011-இல் குறைந்தபட்ச மாற்றுவரி மண்டலங்களின் மீதும் சுமத்தப்பட்டது. 2020-க்குப் பிறகு தொடங்கிய நிறுவனங்களுக்கு அந்த வருமானவரி விலக்கே இல்லை என்றாயிற்று. நிரந்தரம் என்று நம்பிப் பலர் கணக்குப் போட்ட சலுகை, பதினைந்தாண்டுக்குள் உருவம் மாறி, பின் உதிர்ந்துபோனது. தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் 2014-இல் அளித்த அறிக்கையோ, நாடெங்கும் மண்டலங்களுக்கென அறிவிக்கை செய்யப்பட்ட 45,635 ஹெக்டேரில் 28,488 ஹெக்டேரில்தான் வேலை தொடங்கியது என்றும், 2006-07 முதல் 2012-13 வரை விட்டுக்கொடுக்கப்பட்ட வரி 83,104 கோடி ரூபாய் என்றும் கணக்கிட்டது.

சலுகையே முதலீட்டுக்குக் காரணம் என்றால், ஒரே சட்டத்தின் கீழுள்ள எல்லா மண்டலங்களும் ஏறக்குறைய ஒரே விதமாகச் செழித்திருக்க வேண்டும். திருநெல்வேலி மாவட்டத்து நாங்குநேரியைப் பாருங்கள். நாற்கர நெடுஞ்சாலையின் ஓரத்தில், தூத்துக்குடி துறைமுகத்துக்கு வெகு தூரமில்லாத இடத்தில், சுமார் 2,500 ஏக்கரில் ஒரு பெரிய மண்டலம் வரப்போகிறது என்று இரண்டு கட்சிகளின் ஆட்சியிலும் பேசினார்கள். கால் நூற்றாண்டு கழிந்தும், எதிர்பார்த்த தொழில்களில் ஒரு சிறு பங்குகூட அங்கே வந்து சேரவில்லை. தென் மாவட்டத்து இளைஞர்கள் வேலை தேடி வடக்கே ரயிலேறுவது நிற்கவுமில்லை. அதே காலத்தில், அதே சட்டத்தின் கீழ், அதே சலுகைகளோடு, ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் தொழிற்சாலைகள் இடம் போதாமல் நெருக்கின. நாங்குநேரியில் இல்லாதது சலுகையன்று. தொழில் பழகிய ஜனத்திரளும், உதிரிப் பாகம் செய்யும் அயல் பட்டறைகளும், கப்பல்கள் அடிக்கடி வந்துபோகும் துறைமுகமும், பொறியாளர் தன் குடும்பத்தோடு குடியிருக்க விரும்பும் ஒரு நகரமும் அங்கே இல்லை.

ஸ்ரீபெரும்புதூரின் கதையிலும் ஒரு படிப்பினை இருக்கிறது. நோக்கியா கம்பெனி 2005-இல் தமிழக சர்க்காருடன் புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்துகொண்டு, மாநில சர்க்காரின் தொழிற்பேட்டை ஸ்தாபனமான சிப்காட் அளித்த நிலத்தில் 2006-இல் கைப்பேசி உற்பத்தியைத் தொடங்கியது. காஞ்சிபுரம், திருவள்ளூர், வேலூர், திருவண்ணாமலை என்று சுற்றுப்புற ஜில்லாக்களிலிருந்து, பள்ளிப்படிப்பை முடித்த பெண்கள் ஆயிரக்கணக்கில் கம்பெனிப் பேருந்துகளில் வந்து போனார்கள். உதிரிப் பாகம் செய்யும் அந்நியக் கம்பெனிகளும் அதே வேலிக்குள் வந்து சேர்ந்தன. மண்டலம் என்றால் இதுவே என்று மற்ற மாநிலங்களுக்கு எடுத்துக்காட்டிப் பெருமை பேசிய காலம் அது.

பின்னர் வரிச்சிக்கல் வந்தது. பின்லாந்திலுள்ள தாய்க்கம்பெனிக்கு மென்பொருளுக்காகச் செலுத்திய தொகையில் வரி பிடித்தம் செய்யவில்லை என்று மத்திய வருமானவரி இலாகா வாதாடியது. ஏற்றுமதியென்று கணக்குக் காட்டிய கைப்பேசிகள் உள்நாட்டிலேயே விற்கப்பட்டன என்று கூறி, சுமார் 2,400 கோடி ரூபாய் செலுத்துமாறு மாநில வணிகவரி இலாகா கேட்டது. இரண்டையும் கம்பெனி மறுத்தது. மைக்ரோசாஃப்ட் நோக்கியாவின் கைப்பேசித் தொழிலை வாங்க முன்வந்தபோது, சென்னை ஆலையைக் கைமாற்ற வேண்டுமானால் 3,500 கோடி ரூபாய்க்கு உத்தரவாதம் அளிக்க வேண்டும் என்று 2014 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட் நிபந்தனையை உறுதிசெய்தது. ஏப்ரலில் மைக்ரோசாஃப்ட் உலகத்திலுள்ள மற்ற ஆலைகள் பலவற்றைப் பெற்றுக்கொண்டு சென்னையை விட்டுவிட்டது. நவம்பர் முதல் தேதி ஆலை மூடப்பட்டது. வரியை விட்டுக்கொடுத்து வளர்த்த தொழில், வரியைப் பற்றிய வழக்கிலேயே முடிந்தது. தள்ளுபடியின் எல்லை எது என்பதைத் தெளிவாக எழுதாமலும், எழுதியதை ஜனங்கள் பார்வைக்கு வையாமலும் செய்யும் ஒப்பந்தம், கொடுப்பவருக்கும் பெறுபவருக்கும் எத்தகைய கண்ணியாக மாறும் என்பதற்கு இதைவிடச் சிறந்த திருஷ்டாந்தம் வேண்டியதில்லை.

அத்துடன் கதை முடியவில்லை. ஐந்தாண்டு பூட்டிக் கிடந்த அந்த ஆலையை 2019-இல், கைப்பேசி மின்னூட்டிகள் செய்யும் சால்காம்ப் கம்பெனி வாங்கியது. சுங்குவார்சத்திரத்தில் ஃபாக்ஸ்கான் ஆலை வளர்ந்தது; ஆப்பிள் கைப்பேசிகள் அங்கே உற்பத்தியாகிக் கடல் கடந்து போகின்றன. இவர்கள் ஏன் அங்கேயே வந்தார்கள்? முந்தைய கம்பெனியின் சலுகைகள் முந்தைய கம்பெனியோடு போய்விட்டன. ஆனால் கொட்டகை நின்றது, உயரழுத்த மின்பாதை நின்றது, பெங்களூர் நெடுஞ்சாலை நின்றது. நுணுக்கமான சிறு பாகங்களைப் பிழையின்றிப் பொருத்தும் வேலையையும் ஷிப்ட் முறையையும் பழகிய பல்லாயிரம் பெண்களின் கைத்திறன் நின்றது. மண்டலத்தின் மெய்யான சொத்து இதுதான். கம்பெனியின் பெயர்ப்பலகை மாறும்; இவை மாறா.

சற்று நிதானித்து நோக்கினால், அடையாற்றின் தென்கரையில் கிண்டி முதல் தரமணி வரை பரவியிருக்கும் கல்வி ஸ்தாபனங்களே சென்னையின் மிகப் பழைய பொருளாதார மண்டலம் என்று சொல்லத் தோன்றுகிறது. 1794-இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய கிண்டி பொறியியற் கல்லூரி, 1948-இல் தோன்றிய மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம், 1959-இல் பிறந்த ஐ.ஐ.டி., தரமணியின் பாலிடெக்னிக் ஆகியவற்றுள் ஒன்றுக்கும் வரிவிலக்கு என்ற கவர்ச்சி இருந்ததில்லை. ஆனாலும் ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் தோல் பதனிடுபவர் தம் சிக்கலைத் தீர்த்துக்கொள்ள அடையாற்றுக்குத்தான் வந்தார். உள்நாட்டுச் சந்தையையே முதன்மையாகக் கருதி இருங்காட்டுக்கோட்டை சிப்காட்டில் 1990-களின் பிற்பகுதியில் அமைந்த ஹூண்டாய் ஆலை, பொருளாதார மண்டலத்தின் வேலிக்கு வெளியே இருந்துகொண்டே, நெடுங்காலம் நாட்டின் முதன்மையான கார் ஏற்றுமதியாளராக விளங்கியது. அதற்கு மாநில சர்க்கார் வேறு சலுகைகள் அளித்தது மெய்தான். எனினும் துறைமுகமும் பாடி, அம்பத்தூர்ப் பட்டறைகளும் பொறியியல் கல்லூரிகளும் இல்லாத ஓர் ஊரில் அதே சலுகைகளை அளித்திருந்தால் அது வந்திருக்குமா என்பதை வாசகர்களே யோசிக்கலாம்.

மாநில சர்க்காரின் ஸ்தாபனங்களான டிட்கோவும் எல்காட்டும் சேர்ந்து தரமணியில் கட்டிய டைடல் பூங்கா 2000-ஆம் ஆண்டு ஜூலையில் திறக்கப்பட்டது. பொதுத் துறையே தன் பணத்தைப் போட்டு, பன்னிரண்டு லட்சம் சதுர அடிக்கு மேற்பட்ட இடத்தைக் கட்டி வாடகைக்கு விடுவது என்பது அன்று துணிச்சலான காரியம், அது பலித்தது. பலித்ததனால் நேர்ந்த விளைவையும் கவனிக்க வேண்டும். மத்திய கைலாசத்திலிருந்து சிறுசேரி வரையில் அலுவலகங்கள் முதலில் வந்தன. ஆறுவழிச் சாலை 2008-இல் வந்தது. அச்சாலையில் போவதற்குப் பல ஆண்டுகள் சுங்கம் வசூலித்தார்கள். குடிநீர் லாரியில் வந்தது. கழிவுநீர்க் குழாய் பல இடங்களில் வெகு நாள் கழித்தே வந்தது. மயிலாப்பூருக்கு 1997-இல் வந்த பறக்கும் ரயில் திருவான்மியூரை அடைய 2004 ஆயிற்று. மாதவரத்திலிருந்து மயிலை, அடையாறு வழியாகச் சிறுசேரி சிப்காட்டுக்குப் போக வேண்டிய மெட்ரோ ரயிலுக்கு, மண்டலங்கள் நிறைந்து இரண்டு தசாப்தங்கள் கழிந்த பின்பு, இன்னும் தோண்டிக்கொண்டிருக்கிறார்கள். வரிசை தலைகீழாயிற்று, அதன் சிரமத்தை அன்றாடம் அநுபவிப்பவர்கள் கம்பெனி முதலாளிகள் அல்லர், மத்திய கைலாசச் சந்திப்பில் காத்துக் கிடக்கும் நாமே.

சதுப்பு நிலத்துக்கு நேர்ந்தது இன்னும் கொடிது. தென்சென்னையின் ஏரிகள் பலவற்றின் உபரி நீரை வாங்கிக் கடலுக்கு அனுப்பும் பள்ளிக்கரணை, ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கான ஹெக்டேர் பரந்திருந்தது. சாலையாலும் குப்பைமேட்டாலும் ரயில் பாதையாலும் கல்வி நிலையங்களாலும் அலுவலக மாளிகைகளாலும் அது நாற்புறமும் அரிக்கப்பட்டது. இதில் சர்க்கார், தனியார் என்ற பேதமே இல்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் பழைய மகாபலிபுரம் சாலை மூழ்கியபோது, கணினி கம்பெனிகள் தங்கள் வேலையை வேறு ஊர்களுக்கு மாற்ற நேர்ந்தது. 2022-இல் பள்ளிக்கரணைக்குச் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற ராம்சர் அந்தஸ்து கிடைத்தது நல்ல காரியமே. ஆனால் ஏரியைத் தூர்த்து நகரம் அமைத்த தலைமுறைக்கு அறியாமை என்ற சமாதானமாவது உண்டு. நமக்கு அதுவும் இல்லை. நீரோட்டத்தை அளந்து வரைபடம் வெளியிடாமல் மண்டலத்துக்கு எல்லைக்கல் நடுவது, முதலீட்டாளரையும் சேர்த்து ஏமாற்றுவதாகும்.

இனி நிலத்தின் சொந்தக்காரரைப் பற்றி. செய்யாறு சிப்காட்டில் காலணித் தொழில் பல்லாயிரம் கிராமத்துப் பெண்களுக்கு வேலை அளித்திருக்கிறது. அதன் நன்மையை மறுப்பவர் கண்ணை மூடிக்கொண்டவர். அதே சிப்காட்டின் விரிவுக்காக மேல்மா முதலிய கிராமங்களில் சுமார் 3,174 ஏக்கரை எடுக்க முற்பட்டபோது, விவசாயிகள் மாதக்கணக்கில் போராடினார்கள். 2023 நவம்பரில் அவர்களுள் ஏழு பேர் மீது குண்டர் சட்டம் பாய்ந்தது. நாடெங்கும் கண்டனம் எழுந்த பின் அது திரும்பப் பெறப்பட்டது. 2007-இல் மேற்கு வங்கத்து நந்திகிராமத்தில் பதினான்கு உயிர்கள் பலியான பின்பு, மண்டலங்களுக்காக மாநில சர்க்கார்கள் பலவந்தமாக நிலம் எடுக்கலாகாது என்று மத்திய சர்க்கார் கூறியது. அப்படிப்பட்ட பாடத்துக்குப் பிறகும், மூன்று போகம் விளையும் நஞ்சையைக் காப்பாற்றக் கேட்பவனைக் குண்டன் என்று எழுதிய பேனாவை எந்தத் தொழில் வளர்ச்சியும் நியாயப்படுத்தாது. ஒருபுறம் நாங்குநேரியில் எடுத்த நிலம் பயனின்றிக் கிடக்கும்போது, மறுபுறம் விளைநிலத்தைக் கேட்பது முறையா என்ற கேள்விக்கு எழும்பூரிலுள்ள சிப்காட் தலைமையகம் இன்னும் திருப்தியான விடை அளிக்கவில்லை.

தொழிலாளரின் வாழ்விடம் நெடுங்காலம் யாருடைய கவலையாகவும் இருந்ததில்லை. 2021 டிசம்பரில், ஃபாக்ஸ்கான் பெண் தொழிலாளர் தங்கியிருந்த விடுதியொன்றில் உணவு விஷமாகி, நூற்றுக்கு மேற்பட்டவர்கள் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டபோது, சக தொழிலாளப் பெண்கள் சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் இரவு முழுதும் அமர்ந்தார்கள். அந்த இரவு சாதித்ததை எந்த மகாநாடும் சாதிக்கவில்லை. வல்லம் வடகால் சிப்காட்டில் 706 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட செலவில், 18,720 பேர் தங்கக்கூடிய விடுதியைக் கட்டி, 2024 ஆகஸ்டில் முதன்மந்திரி மு.க. ஸ்டாலின் திறந்துவைத்தார். இதை நான் மனமாரப் பாராட்டுகிறேன். வரித்தள்ளுபடியாகப் போகும் நூறு கோடியைவிட விடுதியாக நிற்கும் நூறு கோடி எத்தனையோ மேல். ஆனால் அதற்கடுத்த மாதமே சாம்சங் ஆலையில் சங்க அங்கீகாரம் கேட்டுத் தொடங்கிய வேலைநிறுத்தம், அக்டோபர் நடுப்பகுதி வரை முப்பத்தேழு நாள் நீடித்ததையும் நினைவில் வைக்க வேண்டும். படுக்கை கொடுத்துவிட்டதனால் பேச்சு வேண்டியதில்லை என்று எண்ணுவது தவறு. தொழிலாளர் ஒன்றுகூடிப் பேச வழியுள்ள இடத்தில்தான், தொழில் அமைதி பயத்தின் மேல் நில்லாமல் சம்மதத்தின் மேல் நிற்கும்.

இதற்கு எதிராகச் சொல்லப்படும் வாதம் பலமானதே. அண்டை மாநிலம் இலவசமாகக் கொடுக்கும்போது நாம் மட்டும் வாடகை கேட்டால், கம்பெனி ஆந்திரத்து ஸ்ரீசிட்டிக்குப் போய்விடாதா என்கிறார்கள். சில கம்பெனிகள் போகும். எல்லைக்கு அப்பாலுள்ள ஸ்ரீசிட்டி வளர்ந்ததற்கும் சென்னையின் துறைமுகங்களும் சென்னையின் பொறியாளர்களும் ஒரு காரணம் என்பதை நினைத்தால், நம் கையிலுள்ள சீட்டு எது என்று விளங்கும். மலிவான நிலத்துக்காக மட்டும் வருகிறவர் அதைவிட மலிவான நிலத்துக்கு ஒருநாள் போய்விடுவார். மாறன் கண்டு வியந்த சீனத்தின் ஷென்சென், 1980-இல் மீன்பிடி கிராமங்களும் வயல்களுமாகத் தொடங்கியது. அதன் வெற்றியைப் பேசும் நம்மவர்கள் அதன் நிலக் கொள்கையைப் பேசுவதில்லை. அங்கே நிலம் பொதுவில் நின்றது. குறிப்பிட்ட வருஷங்களுக்கு உபயோகிக்கும் உரிமை மட்டும் விற்கப்பட்டது. 1987-இல் அவ்வுரிமையைப் பகிரங்க ஏலத்தில் விற்கத் தொடங்கினார்கள். அந்நிய முதலாளியிடம் நிலத்தை இலவசமாகக் கொடுக்காமலே ஒரு பொதுவுடைமை அரசு அவரை வரவழைத்தது. நிலத்தின் வருமானம் நகரத்தின் சாலைகளுக்குச் சென்றது. அங்குள்ள அரசியல் கட்டுப்பாடும் குடியேறிய தொழிலாளருக்கு இழைக்கப்பட்ட அநீதிகளும் நமக்கு வேண்டா. நிலத்தைப் பற்றிய விவேகம் வேண்டும்.

ஆகவே நம் சர்க்கார் செய்யத்தக்கவை சில உண்டு. மண்டல நிலம் எதுவும் கிரயமாகப் போகலாகாது. குத்தகையாகவே போக வேண்டும். குறிப்பிட்ட காலத்துக்குள் ஆலை எழும்பாவிட்டால் வழக்கு வியாஜ்யம் இன்றி நிலம் திரும்பிவிட வேண்டும். ஆலையாக வாங்கியதை அடுக்குமாடியாக மாற்றினால், ஏறிய மதிப்பில் பெரும்பங்கு பொக்கிஷத்துக்கு வர வேண்டும். கிண்டியில் தவறவிட்டதை மற்ற இடங்களிலாவது பிடித்துக்கொள்ளலாம். ஒவ்வொரு கம்பெனியோடும் செய்யும் ஒப்பந்தமும், விட்டுக்கொடுத்த வரி, மின்கட்டணம், நிலவிலை ஆகியவற்றின் வருஷாந்தரக் கணக்கும், சட்டசபையின் மேஜையில் வைக்கப்பட வேண்டும். விடுதி, பேருந்து, வடிகால், கழிவுநீர் நிலையம் ஆகியவை முடிந்த பிறகே முதல் கொட்டகைக்கு மின் இணைப்பு என்ற விதி வேண்டும். நிலம் கொடுத்த குடும்பங்களுக்கு ஒரே தடவை கொடுக்கும் நஷ்டஈட்டோடு குத்தகை வருமானத்திலும் ஆண்டுதோறும் பங்கு கிடைக்குமானால், அவர்கள் மண்டலத்தின் விரோதிகளாக இரார். புதிய இடத்தைத் தேடுமுன், முன்னரே எடுத்த இடம் எத்தனை சும்மா கிடக்கிறது என்ற ஜாபிதாவை வெளியிடுவதும் அவசியம்.

இவற்றால் முதலீடு குறையும் என்று அஞ்சுகிறவர்கள், ஒரு தொழிலதிபரின் நாற்காலியில் அமர்ந்து யோசித்துப் பார்க்கலாம். அடுத்த மந்திரிசபை மாற்றிவிடக்கூடிய சலுகையையும், அடுத்த மழையில் மூழ்கக்கூடிய மனையையும், அடுத்த கிளர்ச்சியில் முடங்கக்கூடிய நிலத்தையும் நம்பி முதல் போடுவதைவிட, வாடகை சற்று அதிகமானாலும் தகராறற்ற நிலமும் தடையற்ற மின்சாரமும் அருகில் குடியிருக்கும் தொழிலாளரும் உள்ள இடத்தை அவர் விரும்புவார் என்பது என் துணிபு. மண்டலத்துக்கு அடிக்கல் நாட்டப்போகும் ஒவ்வொரு மந்திரியிடமும் ஜனங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: இந்தக் கம்பெனி பதினைந்தாண்டு கழித்து எழுந்து போய்விட்டால், இந்த ஊருக்கு என்ன மிஞ்சும்? அதற்கு எழுத்து மூலமாக, கணக்கோடு விடை தர இயலாத திட்டத்துக்கு ஒரு சென்ட் பொது நிலமும் கொடுக்கலாகாது.